ஈமு கொட்டகையும் அப்பளக் கட்டையும்: வீட்டுத் தொழில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பது குறித்த நிகழ்வு ஆய்வு

2022ஆம் ஆண்டு ஆடி மாதத்தில், பவானிக்கு அருகே வசிக்கும் என் சித்தப்பா மகள், 20 ரூபாய் முத்திரைத்தாளில் தட்டச்சு செய்யப்பட்ட ஓர் ஒப்பந்தத்தின் நகலை எடுத்துக்கொண்டு என் வீட்டிற்கு வந்தாள். வீட்டிலிருந்தபடியே ஊதுவத்தி தயாரிக்கும் தொழில் அது. 2,75,000 ரூபாய் கொடுத்து இயந்திரத்தை வாங்கிக்கொண்டால் மாவையும் மூங்கில் குச்சியையும் நிறுவனமே அனுப்பிவைக்கும் என்றும், ஓட்டி முடித்த ஊதுவத்தியை நிறுவனமே எடை போட்டுத் திரும்ப எடுத்துக்கொண்டு, மாதம் 25,000 ரூபாய்க்குக் குறையாமல் கூலி தரும் என்றும் சொல்லியிருந்தார்கள். முன்பணமாக 50,000 ரூபாய் கட்டினால் ஆடித் தள்ளுபடியாக 15,000 ரூபாய் குறையும் என்றும், மாதக் கடைசிக்குள் கட்டிவிட வேண்டும் என்றும் நாள்தோறும் தொலைபேசியில் நினைவூட்டிக்கொண்டிருந்தார்கள். கணவரின் விசைத்தறி வேலை குறைந்துபோய், மூத்த மகள் கல்லூரியில் சேர்ந்திருந்த நேரம். அவளுக்கு அந்த 25,000 ரூபாய் ஆசைக்கானதாக இல்லை, தேவைக்கானதாக இருந்தது.

"ஏனுங்கண்ணா, சரக்கும் அவங்களே குடுத்து, ஓட்டுனதையும் அவங்களே எடுத்துக்கறேங்கறாங்க. விக்கற பாடே நமக்கில்லீங்களே, அப்பறம் இதுல என்னங்க பயம்?" என்று அவள் கேட்டாள்.

இதே கேள்வியை, ஏறத்தாழ இதே சொற்களில், 2011ஆம் ஆண்டில் அவளுடைய அப்பா என்னிடம் கேட்டிருந்தார். ஊதுவத்திக்குப் பதிலாக அப்போது ஈமு கோழி. அந்தப் பழைய நிகழ்வை முழுமையாக அலசாமல் இந்தப் புதிய ஒப்பந்தத்தை மதிப்பிட முடியாது என்பதால், முதலில் அதை எழுதுகிறேன்.

ஈமு: துண்டறிக்கையின் பின்பக்கக் கணக்கு

2010ஆம் ஆண்டில் ஈரோட்டுச் சந்தையில் மஞ்சள் விலை குவிண்டாலுக்கு 15,000 ரூபாயைத் தாண்டியிருந்தது. பல்லாண்டுகளாகக் கையில் தங்காத பணம் அந்த ஓர் ஆண்டில் விவசாயிகளின் கையில் நின்றது. அதை மண்ணிலேயே மறுபடியும் போடத் தயங்கியவர்களைத் தேடித்தான் ஈமு நிறுவனங்கள் வந்தன. என் சித்தப்பா சேர்ந்தது அந்தக் காலத்தில் முளைத்த பல நிறுவனங்களுள் ஒன்று. அதன் பெயர் இங்கே தேவையில்லை. பெருந்துறையிலிருந்து இயங்கி, திரை நடிகர்களை வைத்துத் தொலைக்காட்சியில் விளம்பரம் செய்து, பின்னர் ஊரறிந்த வழக்காக மாறிய நிறுவனத்தின் திட்டத்தைத்தான் மற்றவை சற்று மாற்றியும் மாற்றாமலும் பின்பற்றின. அந்தத் திட்டம் இதுதான்: 1,50,000 ரூபாய் கட்டினால் ஆறு ஈமு குஞ்சுகள் தருவார்கள், தீவனமும் மருத்துவமும் நிறுவனத்தின் பொறுப்பு, பராமரிப்புக்கு மாதம் 6,000 ரூபாய், ஆண்டுக்கு ஒருமுறை போனஸாக 20,000 ரூபாய், இரண்டு ஆண்டு முடிந்ததும் கட்டிய பணம் முழுவதும் திரும்பக் கிடைக்கும்.

இதை அன்றைக்கு ஒரு தாளில் எழுதிப் பார்த்தவர்கள் மிகக் குறைவு. மாதத் தொகை இரண்டு ஆண்டுக்கு 1,44,000 ரூபாய். போனஸ் 40,000 ரூபாய். ஆக 1,84,000 ரூபாயைக் கொடுத்துவிட்டு, அதற்கு மேல் முதலையும் நிறுவனம் திருப்பித் தர வேண்டும். வங்கி வைப்புத் தொகைக்கு 9 சதவீதத்தை ஒட்டி வட்டி கிடைத்த காலத்தில் இது ஆண்டுக்கு 61 சதவீத வருமானம். ஆறு பறவைகளால் அந்தப் பணத்தை ஈட்ட வேண்டுமானால், தீவனச் செலவைக் கணக்கில் சேர்க்காமலேயே ஒவ்வொரு பறவையும் 30,000 ரூபாய்க்கு மேல் நிகரமாகக் கொடுக்க வேண்டும். முழுதாக வளர்ந்த ஈமு 40 கிலோ எடையை ஒட்டி நிற்கும். தோலும் எலும்பும் கொழுப்பும் போக, உண்ணத்தக்க இறைச்சி 15 கிலோ அளவுக்குத் தேறும். இறைச்சியை மட்டும் வைத்து அந்தத் தொகையை எடுக்க கிலோவை 2,000 ரூபாய்க்கு விற்க வேண்டும். ஆட்டுக்கறியே கிலோ 400 ரூபாயை ஒட்டி விற்ற காலம் அது. ஈமு கொழுப்பிலிருந்து எடுக்கும் எண்ணெய்க்கு வெளிநாட்டில் நல்ல விலை என்று சொன்னார்கள். ஒரு பறவையில் கிடைக்கும் சில லிட்டர் எண்ணெயை இங்கே எந்தக் கடையில் யார் வாங்குகிறார் என்று கேட்டால் பதில் இருக்கவில்லை.

இதைவிட முக்கியமான ஒன்று பறவையின் வயதிலேயே இருந்தது. ஈமு குஞ்சு பருவமடைந்து முட்டையிடத் தொடங்கவே ஒன்றரை ஆண்டு முதல் இரண்டு ஆண்டு வரை ஆகும். ஒப்பந்தமோ இரண்டு ஆண்டுக்கானது. அதாவது, பறவை தன் முதல் முட்டையை இடுவதற்கு முன்பே, அதை வளர்த்தவருக்கு மாதக் கூலியிலும் போனஸிலும் பெரும்பகுதியைக் கொடுத்திருப்பார்கள். அப்படியானால் அந்தப் பணம் எங்கிருந்து வந்தது? புதிதாக ஒருவர் கட்டும் 1,50,000 ரூபாய், ஏற்கெனவே சேர்ந்த 25 பேருக்கு ஒரு மாதக் கூலி கொடுக்கப் போதுமானது. முதல் இரண்டு ஆண்டு இந்தச் சக்கரம் மிக எளிதாகச் சுற்றும். முதலைத் திருப்பித் தர வேண்டிய நாள் வரும்போதோ, வெளியேறும் ஒவ்வொருவருக்கும் உள்ளே வரும் ஒருவரின் பணம் முழுதாகப் போய்விடும். சக்கரம் நிற்கும் காலம் திட்டத்தின் முதல் நாளிலேயே எழுதப்பட்டிருந்தது.

என் சித்தப்பாவுக்கு ஒன்பது மாதம் காசோலை தவறாமல் வந்தது. அதைத்தான் அவர் சான்றாகக் காட்டினார். பணம் தேதி தவறாமல் வருவதற்கும், அது ஒரு விற்பனையிலிருந்து வருவதற்கும் இடையே உள்ள வேறுபாட்டை அவரிடம் நான் அழுத்திச் சொல்லவில்லை. அப்போது எனக்கும் அது தெளிவாகத் தெரியாது என்பதை இங்கே பதிவு செய்ய வேண்டும். அவர்களுடைய கொட்டகையை நான் இரண்டு முறை பார்த்தேன். மாட்டுத் தொழுவத்தை ஒட்டி ஆள் உயரத்திற்குக் கம்பி வலை கட்டி, நீல நிற பிளாஸ்டிக் பேரலைப் பாதியாக அறுத்துத் தண்ணீர்த் தொட்டியாக வைத்திருந்தார்கள். சித்தி தீவனம் போடப் போகும்போதெல்லாம் வளையலைக் கழற்றி முந்தானையில் முடிந்துகொள்வார். மினுமினுப்பாக எதைக் கண்டாலும் அந்தப் பறவை கொத்தி விழுங்கப் பார்க்கும். இரவில் பெட்டை ஈமு அடித்தொண்டையிலிருந்து எழுப்பும் ஒலி, தூரத்தில் யாரோ பறை தட்டுவதுபோல் வீட்டுத் திண்ணை வரை கேட்கும். அந்த வீட்டில் உழைப்பு உண்மையாக இருந்தது. ஏமாற்றுத் திட்டங்களில் சேர்ந்தவர்களைச் சோம்பேறிகள் என்றும் பேராசைக்காரர்கள் என்றும் பேசுபவர்கள், விடியற்காலை நாலரை மணிக்கு எழுந்து அந்தக் கொட்டகையைக் கூட்டிய பெண்களைப் பார்த்திருக்க மாட்டார்கள்.

ஏன் நம்பினார்கள் என்ற கேள்விக்கு இன்னொரு விடையும் உண்டு. இந்த ஆய்வில் அதற்குத் தனி இடம் தர விரும்புகிறேன். கோயம்புத்தூர், பல்லடம், உடுமலைப்பேட்டைப் பகுதிகளில் 1990களிலிருந்தே பிராய்லர் கோழி ஒப்பந்த முறையில் வளர்க்கப்படுகிறது. அந்த முறையிலும் குஞ்சும் தீவனமும் மருந்தும் நிறுவனம் தருகிறது. கொட்டகையும் உழைப்பும் விவசாயியுடையவை. நாற்பது நாளுக்குச் சற்று மேல் வளர்ந்த கோழியை நிறுவனமே எடுத்துக்கொண்டு கிலோவுக்கு இவ்வளவு என்று வளர்ப்புக் கூலி தருகிறது. கூலி போதவில்லை என்று பண்ணையாளர்கள் போராடியதும் உண்டு. ஆயினும் அது உண்மையான தொழில். ஈமு திட்டம் அந்த நேர்மையான முறையின் உடையை அப்படியே எடுத்து அணிந்துகொண்டது. உடை ஒன்றாக இருந்ததால் உள்ளே இருந்த இரண்டு வேறுபாடுகளை யாரும் கவனிக்கவில்லை. பிராய்லர் முறையில் குஞ்சுக்காகப் பெருந்தொகையை நிறுவனத்திடம் கட்டி வைப்பதில்லை. மேலும், அந்தக் கோழியை மறுவாரமே ஊரெங்கும் கறிக்கடையில் மக்கள் காசு கொடுத்து வாங்கினார்கள். ஈமு கறியை வாங்க யாரும் வரிசையில் நிற்கவில்லை. ஈமு குஞ்சை வாங்கியவர்கள் எல்லோரும், அதை இன்னொருவருக்கு வளர்க்கக் கொடுக்கலாம் என்று எண்ணியவர்களே. 1990களில் அமெரிக்காவிலும் இதே பறவையை வைத்து இதே கதை நடந்திருந்தது. இனப்பெருக்க இணை ஒன்று பல்லாயிரம் டாலருக்கு விற்று, வளர்ப்பவர்களைத் தவிர வேறு வாங்குபவர் இல்லாததால் விலை தரைமட்டமாகி, சிலர் பறவைகளைத் திறந்துவிட்டு நகர்ந்தார்கள்.

2012 ஆகஸ்டில் பெருந்துறை நிறுவனம் சரிந்தது. அலுவலகங்கள் பூட்டப்பட்டன, ஆயிரக்கணக்கானோர் புகார் கொடுத்தார்கள், தீவனம் இல்லாமல் பறவைகள் செத்து விழத் தொடங்கியபோது அரசின் கால்நடை பராமரிப்புத் துறையே தீவனம் போட வேண்டிய நிலை வந்தது. 1997ஆம் ஆண்டின் தமிழ்நாடு வைப்பீட்டாளர்கள் நலன் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் வழக்குகள் பதிவாகி, கோயம்புத்தூர்ச் சிறப்பு நீதிமன்றத்தில் ஆண்டுக்கணக்கில் நடந்து, தண்டனைகளும் வழங்கப்பட்டன. வழக்கு எந்தச் சட்டத்தின்கீழ் நடந்தது என்பதை வாசகர்கள் கவனிக்க வேண்டும். அது வைப்பு நிதிக்கான சட்டம். நிறுவனம் அதைப் பண்ணைத் தொழில் என்று அழைத்தது; சட்டம் அதை மக்களிடமிருந்து வாங்கிய வைப்புத் தொகை என்று பார்த்தது. பறவை, ரசீதுக்குச் சாட்சியாக நின்ற ஒரு பொருள் மட்டுமே.

சித்தப்பாவுக்குப் போட்ட பணத்தில் பெரும்பகுதி வரவில்லை. பணத்தைவிட, அவர் பேச்சைக் கேட்டுச் சேர்ந்த இரண்டு பங்காளி வீடுகள் பேச்சு வார்த்தையை நிறுத்திக்கொண்டதுதான் அவரை முடக்கியது.

அப்பளம்: 80 ரூபாய்க் கடனும் ஒரு கட்டிலும்

எதிர்நிலையில் வைத்துப் பார்க்க, வீட்டிலிருந்து செய்யும் தொழில்களில் இந்தியாவில் மிக நன்றாகப் பதிவான நிகழ்வு லிஜ்ஜத் அப்பளம். 1959 மார்ச் 15 அன்று, பம்பாயின் கிர்காவ் பகுதியில் ஒரு குடியிருப்பின் மொட்டைமாடியில் ஏழு குஜராத்திப் பெண்கள் அப்பளம் தேய்த்தார்கள். கடனாக வாங்கிய 80 ரூபாய்தான் மூலதனம். முதல் நாள் நான்கு பொட்டலம். அதைப் புலேஷ்வர் பகுதியில் தெரிந்த ஒரு வணிகரிடம் விற்றார்கள். இங்கே வரிசையைக் கவனிக்க வேண்டும். முதலில் பொருள், அதே கையோடு வாங்குபவர், அதற்குப் பிறகுதான் விரிவாக்கம். இலவச நன்கொடை வாங்குவதில்லை என்று தொடக்கத்திலேயே முடிவு செய்திருந்ததால், விற்றால்தான் அடுத்த நாள் மாவு என்ற நிலை அவர்களுக்கு இருந்தது.

அந்த முதல் ஆண்டு மழைக்காலத்தில் அப்பளம் காயவில்லை. நான்கு மாதம் வேலை நின்றது. மறு ஆண்டு ஒரு கட்டிலும் அடுப்பும் வாங்கி, கட்டிலின்மேல் அப்பளத்தைப் பரப்பி, அடியில் அடுப்பை வைத்துக் காயவைத்தார்கள். எனக்கு இந்தக் கட்டிலும் அடுப்பும்தான் அந்த வரலாற்றின் மிக முக்கியமான பகுதி. உண்மையான தொழிலில் இடர் மழையாகவும் ஈரமாகவும் வந்து நிற்கும், கண்ணுக்குத் தெரியும், கைவசம் இருப்பதைக் கொண்டு தீர்க்கவும் முடியும். ஈமு திட்டத்தில் வளர்ப்பவருக்கு எந்த இடரும் இல்லை என்று சொன்னார்கள். மழைக்காலத்தைப் பற்றிப் பேசாத தொழில் எதுவாக இருந்தாலும் இன்று நான் இரண்டு முறை யோசிக்கிறேன்.

1966ஆம் ஆண்டு சங்கமாகப் பதிவு பெற்று, அதே ஆண்டு கதர் கிராமத் தொழில் ஆணையத்தின் அங்கீகாரமும் பெற்ற அந்த அமைப்பில் பின்னாளில் 45,000க்கும் மேற்பட்ட பெண்கள் சேர்ந்தார்கள். கிளையில் பிசைந்த உளுந்து மாவை எடைபோட்டு வாங்கிச் சென்று, வீட்டில் தேய்த்துக் காயவைத்து, மறுநாள் கிளையில் ஒப்படைத்து, எடைக்குக் கூலி வாங்கிக்கொள்கிறார்கள். இதிலும் பொருளைக் கொடுத்துப் பொருளைத் திரும்ப வாங்கும் முறைதான் இருக்கிறது. ஆகவே, திரும்ப எடுத்துக்கொள்வோம் என்ற சொல்லே குற்றம் என்று நான் சொல்லவில்லை. தேய்க்க வரும் பெண் தன் வேலைக்காகப் பெருந்தொகை எதையும் கட்டுவதில்லை. அவளுக்குக் கிடைக்கும் கூலி, எங்கோ ஒரு வீட்டில் சோற்றுக்கு அப்பளம் பொரித்தவர் கொடுத்த காசிலிருந்து வருகிறது. தென்காசி, திருநெல்வேலிப் பக்கம் வீட்டுத் திண்ணையில் பீடி சுற்றும் பெண்களுக்கும் இலையும் தூளும் அப்படித்தான் வருகின்றன. அவர்களுடைய கூலி மிகக் குறைவு, உடலுக்கும் கேடு, அதைப் பரிந்துரைக்க நான் வரவில்லை. ஆனால் அது ஏமாற்று அல்ல. ஒரு தொழில் நேர்மையானதா என்பதும், அது நமக்குக் கட்டுப்படியாகுமா என்பதும் தனித்தனிக் கேள்விகள். இவற்றில் முதல் கேள்விக்கு விடை கிடைத்த பிறகுதான் இரண்டாவதை எடுக்க வேண்டும்.

ஏழாவது பிரிவு

இனி, தங்கை கொண்டுவந்த ஒப்பந்தத்திற்கு வருகிறேன். நான்கு பக்கத்தில் மூன்றாம் பக்கம் வரை எல்லாம் இனிமையாகவே இருந்தது. ஏழாவது பிரிவில், நிறுவனத்தின் தர அளவுகோலுக்கு உட்பட்ட உற்பத்தி மட்டுமே திரும்பப் பெறப்படும் என்றும், தரம் குறித்து நிறுவனத்தின் முடிவே இறுதியானது என்றும் எழுதியிருந்தது. அந்த அளவுகோல் என்ன என்று எங்கும் சொல்லவில்லை. குச்சியின் நீளம் எவ்வளவு, ஈரப்பதம் எவ்வளவு, கிலோவுக்கு எத்தனை உடைந்த குச்சிவரை ஏற்பார்கள் என்று ஓர் எண்கூட இல்லை. எட்டாவது பிரிவு, மூலப்பொருள் இருப்பைப் பொறுத்தே அனுப்பப்படும் என்றது. ஒன்பதாவது பிரிவின்படி, இயந்திரத்திற்குச் செலுத்திய தொகை எக்காரணம் கொண்டும் திருப்பித் தரப்படாது. மூன்றையும் சேர்த்து வாசித்தால், நிறுவனத்திற்கு இயந்திரத்தை விற்பதைத் தவிர வேறு எந்தக் கடமையும் இல்லை. திரும்ப எடுத்துக்கொள்ளும் வாக்குறுதி முழுவதும் அந்த ஏழாவது பிரிவில் கரைந்துபோயிருந்தது.

ஆயினும் தாளை மட்டும் பார்த்து ஒன்றை ஒதுக்குவதும் சரியல்ல என்பதால், ஒரு வார அவகாசம் கேட்கச் சொன்னேன். அமெரிக்காவில் 2012 மார்ச் முதல் நடைமுறையில் உள்ள தொழில் வாய்ப்பு விதியின்படி, இத்தகைய திட்டத்தை விற்பவர், பணம் வாங்குவதற்கு ஏழு நாள் முன்னதாக ஒரு பக்க விவரத் தாளைக் கொடுக்க வேண்டும். தன்மீது வழக்கு உண்டா, பணத்தைத் திருப்பித் தரும் வழக்கம் உண்டா, இவ்வளவு சம்பாதிக்கலாம் என்று சொல்வதற்கு ஆதாரம் என்ன என்பதோடு, ஏற்கெனவே வாங்கியவர்களின் பெயர்ப் பட்டியலும் அதில் இருக்க வேண்டும். நம் நாட்டில் அப்படி ஒரு தாள் கட்டாயமில்லை. ஆனால் அந்தக் கேள்விகளை நாமே கேட்பதை யாரும் தடுக்கவில்லை.

தங்கை கேட்டாள். இரண்டு ஆண்டுக்கு முன் இயந்திரம் வாங்கியவர்கள் மூன்று பேரின் எண்ணைத் தரச் சொன்னதற்கு, சென்ற மாதம் வாங்கிய ஒருவரின் எண்ணைத் தந்தார்கள். அவர் இன்னும் ஒரு மூட்டைகூட ஒப்படைத்திருக்கவில்லை. எந்தக் கடைகளில் உங்கள் ஊதுவத்தி விற்கிறது என்று கேட்டதற்கு, ஏற்றுமதி என்று பதில் வந்தது. நிறுவனத்தின் சரக்கு மற்றும் சேவை வரி எண்ணை வரித்துறையின் இணையதளத்தில் போட்டுப் பார்த்தோம். பதிவாகி எட்டு மாதம்தான் ஆகியிருந்தது. கையாளும் பொருள்கள் என்ற இடத்தில் இயந்திரங்கள் மட்டுமே இருந்தன, ஊதுவத்தி இல்லை. ஈரோட்டில் மொத்த விலைக்குப் பூஜைப் பொருள் விற்கும் ஒரு கடைக்காரரிடம் அந்தப் பெயரைச் சொன்னோம். அவர் அலமாரியைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் இல்லை என்று தலையசைத்தார். அதே திறனுள்ள இயந்திரத்திற்குக் கோயம்புத்தூரில் வேறொரு வணிகரிடம் விலை கேட்டபோது, அது இவர்கள் சொன்ன விலையில் பாதிக்கும் குறைவாக இருந்தது. மீதிப் பாதி, திரும்ப எடுத்துக்கொள்வோம் என்ற அந்த ஒரு சொல்லுக்கான விலை.

தங்கை முன்பணம் கட்டவில்லை. ஒரு வார அவகாசம் கேட்ட நாளிலிருந்தே அவர்களுடைய தொலைபேசிக் குரலில் இருந்த கனிவு குறைந்துவிட்டது என்பதை அவளே கவனித்துச் சொன்னாள்.

இதே வகையைச் சேர்ந்த சில்லறைத் திட்டங்களைப் பற்றி அதிகம் எழுதத் தேவையில்லை. பென்சில் பேக்கிங் வேலைக்குப் பதிவுக் கட்டணம், பிறகு கூரியர் கட்டணம், பிறகு அடையாள அட்டைக் கட்டணம் என்று கேட்பவர்கள் ஒரு பென்சிலையும் அனுப்புவதில்லை. டேட்டா என்ட்ரி என்று ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்கி, பிழை அதிகம் என்று சொல்லி, வழக்கறிஞர் பெயரில் நோட்டீஸ் அனுப்பி மிரட்டுபவர்களுக்கு அஞ்சிப் பணம் கட்ட வேண்டியதில்லை. 1930 என்ற எண்ணில் சைபர் குற்றப் பிரிவுக்குச் சொல்ல வேண்டும். பொருளை விற்பதைவிட ஆள் சேர்ப்பதற்கே அதிகப் பணம் தரும் சங்கிலித் திட்டங்களை 1978ஆம் ஆண்டின் பணச்சுழற்சித் திட்டத் தடைச் சட்டமும் 2021ஆம் ஆண்டின் நேரடி விற்பனை விதிகளும் தடை செய்துள்ளன.

பத்துப் பை

வேண்டாம் என்று சொல்வதோடு என் பொறுப்பு முடிந்துவிடவில்லை. அவளுக்கு மாத வருமானம் தேவைப்பட்டது. அதனால், பணம் கட்டுவதற்கு முன் வாங்குபவரைக் கண்டுபிடிக்கும் வரிசையில் யோசித்தோம். வீட்டைச் சுற்றி நடந்து போகக்கூடிய தூரத்தில் யார் எதைக் காசு கொடுத்து வாங்குகிறார்கள் என்று இரண்டு நாள் அவளே பார்த்து வந்தாள். காய்கறிக் கடையில் மொட்டுக் காளான் பொட்டலம் மாலைக்குள் தீர்ந்துவிடுகிறது என்பதும், அது வெளியூரிலிருந்து வருகிறது என்பதும் அப்படித்தான் தெரிந்தன. கோயம்புத்தூர் வேளாண்மைப் பல்கலைக்கழகத்தில் காளான் வளர்ப்புக்கான ஒரு நாள் பயிற்சி குறைந்த கட்டணத்தில் கிடைக்கிறது, போய்வந்தாள்.

அங்கே கற்றுவந்த சிப்பிக் காளானுக்கு வைக்கோலை விரல் நீளத்திற்குச் சற்று குறைவாக நறுக்கி ஊறவைத்து, அண்டாவில் வேகவைத்து, கையில் பிழிந்தால் தண்ணீர் சொட்டாத பதத்திற்கு உலர்த்தி, பிளாஸ்டிக் பையில் ஓர் அடுக்கு வைக்கோல், ஓர் அடுக்கு வித்து என்று நிரப்பித் துளையிட்டுத் தொங்கவிட வேண்டும். இரண்டு, மூன்று வாரத்தில் பை முழுக்க வெண்மை படர்ந்து, பிறகு மொட்டு கட்டும். முதல் தடவைக்குப் பத்துப் பைக்கு மேல் போடக்கூடாது என்று மட்டும் நான் உறுதியாகச் சொன்னேன். பழைய தொழுவத்தின் மூலையில், ஈமு கொட்டகையிலிருந்து கழற்றி வைத்திருந்த சவுக்குக் கம்புகளில் அவற்றைக் கட்டினாள்.

நான்கு பைகளில் பச்சைப் பூஞ்சணம் வந்துவிட்டது. வைக்கோல் சரியாக வேகவில்லை என்பதும், பிழியும் பதத்தில் ஈரம் மிஞ்சியிருந்தது என்பதும் காரணங்கள். அந்தப் பைகளைத் தூரத்தில் கொண்டுபோய்ப் புதைத்தாள். மிஞ்சிய ஆறு பைகளின் காளானை 200 கிராம் பொட்டலமாகக் கட்டிக் கடைக்குக் கொண்டுபோனபோது இன்னொரு சிக்கல் தெரிந்தது. மொட்டுக் காளானுக்குப் பழகிய வாடிக்கையாளர்களுக்குச் சிப்பிக் காளானின் தட்டையான உருவம் புதிது. அது சீக்கிரம் தளர்ந்துபோவதால் மாலைக்குள் விற்காவிட்டால் மறுநாள் கடைக்காரர் வாங்க மாட்டார். முதல் வாரம் பாதிப் பொட்டலங்கள் வீடு திரும்பின. இரண்டாம் வாரத்திலிருந்து காலையிலேயே தெருவில் பன்னிரண்டு வீடுகளுக்கு ஒரு சிறு கிண்ணம் வறுவலோடு பொட்டலத்தையும் கொடுத்துப் பார்த்தாள். ஒன்பது வீடுகள் வாரம் ஒருமுறை வேண்டும் என்றன. பக்கத்து மெஸ் ஒன்று ஞாயிறு தவிர மற்ற நாளெல்லாம் ஒரு கிலோ கேட்டது.

அந்த முதல் சுற்றில் அவள் இழந்தது நான்கு பை வைக்கோலும் வித்தும். கற்றது, எந்தத் தெருவில் யார் என்ன விலைக்கு வாங்குவார் என்பது. ஊதுவத்தி ஒப்பந்தம் அவளிடமிருந்து விலக்கிவைக்க முயன்றது சரியாக இந்த அறிவைத்தான். விற்கும் பாடு நமக்கு வேண்டாம் என்பது பாரத்தைக் குறைப்பதுபோலத் தோன்றும். உண்மையில், பொருளுக்கு வாங்குபவர் இருக்கிறாரா இல்லையா என்று நாம் அறிந்துகொள்ளும் ஒரே வாசலை அது அடைத்துவிடுகிறது.

2023ஆம் ஆண்டில், விற்காமல் மிஞ்சுவதை உலர்த்திப் பொடியாக்கிச் சூப்புக்கு விற்கலாம் என்று முடிவு செய்தபோது, உணவுப் பாதுகாப்புப் பதிவை ஆண்டுக்கு 100 ரூபாய்க் கட்டணத்தில் அவளே செல்பேசியில் எடுத்தாள். சிறு தொழில்களுக்கான மத்திய அரசின் உத்யம் பதிவுக்கு 2,500 ரூபாய் ஆகும் என்று ஒரு முகவர் சொன்னார். அரசு இணையதளத்தில் அதற்குக் கட்டணமே இல்லை. இன்று அவள் வீட்டில் ஒரே நேரத்தில் அறுபது பைகள் வரை தொங்குகின்றன. ஒப்பந்தத்தில் எழுதியிருந்த 25,000 ரூபாயை எந்த மாதமும் அவள் தொட்டதில்லை. மகளின் கல்லூரிப் பேருந்துக் கட்டணமும் வீட்டு மளிகையும் இதிலிருந்து நடக்கின்றன, கடன் இல்லை.

தீராத சிக்கல் ஒன்று உண்டு. சிப்பிக் காளானுக்கு 25 டிகிரியை ஒட்டிய வெப்பம்தான் ஏற்றது. மாசி முடிந்து பங்குனி பிறந்ததும் பவானிப் பக்கத்து வெயிலில், சுற்றிலும் ஈரச் சாக்கைத் தொங்கவிட்டாலும் மகசூல் பாதியாகிவிடுகிறது. மெஸ்காரர் அந்த இரண்டு, மூன்று மாதமும் வேறு இடத்தில் வாங்கிக்கொள்கிறார். பால் காளான் 30 டிகிரிக்கு மேலும் தாங்கும், பறித்த பிறகும் கூடுதல் நாள் கெடாமல் இருக்கும். ஆனால் பையைப் பாதியாக அறுத்து மேல்மண் போட வேண்டும், நாளும் கூடுதலாகும். போன வாரம் நான் போயிருந்தபோது, வேகவைத்து ஆறவைத்த செம்மண்ணை ஒரு முறத்தில் பரப்பி, சித்தப்பா கல் பொறுக்கிக்கொண்டிருந்தார். இந்தக் கோடைக்கு ஐந்து பை மட்டும் போட்டுப் பார்க்கப்போவதாகத் தங்கை சொன்னாள்.